மலக்குழியின் முன் அறவியல்



நினைவுப் பேருரைகளில் வழக்கமாக வரலாறு பேசுவோம், இலக்கியம் பேசுவோம். இந்த ஆண்டு அறவியலை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்லூரியில் விழுமியக் கல்வி என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் கிடைப்பது பெரும்பாலும் நல்ல பழக்கங்களின் பட்டியல். இயக்கங்களுக்குள்ளோ அறம் என்ற சொல்லின்மேலேயே ஒரு சந்தேகம் இருக்கிறது. தர்மத்தின் பெயரைச் சொல்லித்தான் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. ஆனால் இதற்கு நடுவில் ஒரு பயிற்சி விட்டுப்போகிறது. ஒரு செயல் ஏன் தவறு என்று காரணம் காட்டி, எதிரே நிற்பவர் நழுவ முடியாதபடி வாதிடும் பயிற்சி அது. உண்மை அறியும் குழுக்களில் நம் மாணவர்கள் போகிறார்கள். "அவராத்தானே வந்தாரு, கூலி பேசித்தானே எறங்குனாரு" என்கிறார் கான்ட்ராக்டர். நமக்குக் கோபம் உடனே வருகிறது. பதில் வர நேரமாகிறது. அந்தப் பதிலை இன்று சேர்ந்து தேடுவோம்.

ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். ஒரு கட்டடத்தின் மலக்குழி நிரம்பிவிட்டது. ஒருவர் உள்ளே இறங்குகிறார், மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். இருவரும் இறந்துபோகிறார்கள். மறுநாள் நாளிதழில் செய்தி: 'விஷவாயு தாக்கி இருவர் பலி.'

இந்தத் தலைப்பை இலக்கணப் பயிற்சிபோல ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தாக்கியது யார்? வாயு. இறக்கிவிட்டவர் வாக்கியத்திலேயே இல்லை. பலி என்ற சொல்லோ பீடத்திலிருந்து வந்தது. பலி என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும், ஏற்றுக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டும். இருவரையும் செய்தி சொல்வதில்லை. எஃப்.ஐ.ஆரில் 'விபத்து' என்று எழுதியாகிவிட்டால் தீர்ப்பில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே சரி, தவறு என்று பேசுவதற்கு முன்பே அறவியலின் வேலை தொடங்கிவிடுகிறது: நடந்ததை எந்தச் சொல்லால் சொல்கிறோம்? பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், 1914இல் மறையும்வரை, இடைவிடாமல் செய்த காரியங்களில் ஒன்று இது. ஒரு சொல்லை எடுத்து, யார் யாருக்கு இதை வைத்தார்கள், வைத்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்று தோண்டினார். அவருடைய சொற்பொருள் விளக்கங்கள் எல்லாவற்றையும் மொழியியலார் ஏற்க மாட்டார்கள். அது வேறு விவாதம். கேள்வியை அவர் திருப்பிய திசைதான் நமக்கு வேண்டியது.

சொல்லோடு விவரமும் சரியாக இருக்க வேண்டும். மூடிக் கிடந்த குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றுகிற அந்த நேரம்தான் உயிரை எடுக்கும். காப்பாற்ற இறங்கியவரும் சாவது இதனால்தான். இவ்வளவும் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி என்றால் 'எதிர்பாராத' என்ற சொல்லுக்கு இடமில்லை. அறவாதத்தில் தத்துவம் செய்யும் வேலையைவிட இப்படிப்பட்ட விவரம் செய்யும் வேலை பல நேரம் அதிகம்.

இனி அண்ணல் அம்பேத்கரிடம் போவோம். 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலின் மாநாட்டுக்காக அவர் எழுதிய உரை, மாநாடு நடக்காமல் போனதால் அவராலேயே அச்சிடப்பட்டது. பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் கொண்டுவந்தது. அதை நாம் சாதி ஒழிப்பு நூலாக மட்டும் படிக்கிறோம். அதற்குள் சுருக்கமான அறவியல் பாடம் ஒன்றும் இருக்கிறது. விதி வேறு, கோட்பாடு வேறு என்கிறார். விதி சமையல் குறிப்பு மாதிரி: இதைச் செய், இப்படிச் செய் என்று சொல்லிவிடும். கோட்பாடு அப்படிச் சொல்லாது. எதைக் கணக்கில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டு முடிவை நம்மிடம் விட்டுவிடும். கோட்பாட்டைப் பின்பற்றியவர் முடிவில் தவறக்கூடும். ஆனால் அந்தச் செயலுக்கு அவர் பொறுப்பு. விதிப்படி நடந்தவரின் செயல் சரியாகவே அமைந்தாலும் அதில் அவருடைய பொறுப்பு இல்லை. இந்து சமூகம் தர்மம் என்று அழைப்பது கட்டளைகளின் தொகுப்பு, அங்கே மனசாட்சிக்கு வேலை கிடையாது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையும் இருக்கிறது. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ஜான் டூயி. டூயியும் ஜேம்ஸ் டஃப்ட்ஸும் 1908இல் வெளியிட்ட அறவியல் பாடநூல், வழக்கத்தால் வரும் ஒழுக்கத்தையும் யோசித்து ஏற்கும் ஒழுக்கத்தையும் பிரித்துப் பேசியது. மாணவர் ஆசிரியரைத் தாண்டிப் போனார் என்பது எங்கள் எண்ணம். டூயிக்கு வழக்கம் என்பது சிந்தனை எழுவதற்கு முந்தைய ஒரு கட்டம். அம்பேத்கருக்கு வழக்கம் என்பது குளக்கரையில் கம்போடு நிற்கும் ஆள். மகாட் நகராட்சி தன் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது 1924இல். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று சவதார் குளத்து நீரை அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் காகிதமாகவே கிடந்தது. அன்று திரும்பும் வழியில் நம் மக்கள் அடிபட்டார்கள்.

நம் மலக்குழிக்கும் ஒரு விதி இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று, அம்பேத்கரின் நினைவுநாளில், நடைமுறைக்கு வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் ஆபத்தான முறையில் ஆள் இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் 'ஆபத்தான' என்பதை அந்தச் சட்டம் எப்படி வரையறுக்கிறது என்று படித்துப் பாருங்கள். பாதுகாப்புச் சாதனம் தராமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் இறக்கினால்தான் ஆபத்தான வேலை. ஆகவே கான்ட்ராக்டர் ஒரு ஜோடி கையுறையைக் காட்டி வாதாடத் தொடங்குகிறார். நாம் கையுறையின் தரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் அவர் விரித்த பாயில் உட்கார்ந்துவிட்டோம் என்று பொருள். மனிதர் ஏன் இறங்க வேண்டும் என்பதுதான் கோட்பாட்டுக் கேள்வி. விதியை விட்டுவிடச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் அது வேண்டும். விதி நின்றுவிடும் இடத்தில் கேள்வி நிற்கக் கூடாது என்கிறோம்.

பாடப்புத்தகங்கள் சொல்லும் முறைகளை இனி ஒவ்வொன்றாக இந்தக் குழியின் விளிம்பில் வைத்துப் பார்க்கலாம்.

ஜெரமி பெந்தாம் 1789இல் முன்வைத்த முறை எல்லோருக்கும் தெரியும்: எந்தச் செயல் அதிக இன்பத்தையும் குறைந்த துன்பத்தையும் தருகிறதோ அதுவே சரி. தோழர்கள் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். பெரும்பான்மைக்காகச் சிறுபான்மையைத் தின்னும் கணக்கு என்பார்கள். அவசரப்பட வேண்டாம். இந்து மதத்தின் தத்துவத்தைப் பரிசீலித்து எழுதியபோது அம்பேத்கர் கையில் எடுத்த இரண்டு உரைகற்களில் ஒன்று நியாயம், மற்றொன்று பயன். நேர்மையாகப் போட்டால் இந்தக் கணக்கு நமக்கு எதிரானதல்ல. ஒவ்வொருவரும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும், யாரும் ஒன்றுக்கு மேல் இல்லை என்பது இதன் அடிப்படை. சாதி செய்வது இந்த எண்ணிக்கையைக் கெடுப்பது. நூறு குடும்பங்களின் வசதிக்கு எதிரே ஓர் உயிர் என்று தராசில் வைக்கிறார்கள். உண்மையில் அந்த உயிருக்கு எதிரே இருந்தது என்ன? கழிவு உறிஞ்சும் லாரிக்கான வாடகை. அல்லது லாரி வரும்வரை ஒருநாள் காத்திருப்பது. தெரிவுகளின் பட்டியலையே திருத்தி எழுதிவிட்டுக் கணக்குப் போடுகிறவரிடம் விடை சரியாக வராது.

தத்துவ வகுப்புகளில் பிரபலமான ஒரு புதிர் உண்டு. 1967இல் ஃபிலிப்பா ஃபூட் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. கட்டுப்பாடிழந்த டிராம் வண்டி ஐந்து பேரை நோக்கிப் போகிறது, வேறு தடத்தில் திருப்பினால் ஒருவர் மட்டும் சாவார், திருப்பலாமா? நல்ல பயிற்சிதான், மூளைக்கு வேலை தரும். ஆனால் தண்டவாளத்தைப் போட்டது யார், அந்த ஒருவர் ஏன் எப்போதும் ஒரே தெருவிலிருந்து வருகிறார் என்று அந்த வகுப்பில் கேட்க முடியாது. கேட்டால் புதிர் கலைந்துவிடும்.

அடுத்து, சம்மதம். கான்ட்ராக்டரின் வாதம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்போம். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கக் கூடாது. வயதுவந்த ஒருவர் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கலாம் என்பதற்காக நாமே பல இடங்களில் போராடுகிறோம். சாதி மறுப்புத் திருமணத்தில் 'அவள் சம்மதம் போதும்' என்று சொல்கிறவர்கள் நாம்தான். அங்கே சம்மதம் செல்லும், இங்கே செல்லாது என்றால் காரணம் சொல்லியாக வேண்டும்.

காரணம் உண்டு. ஒருவரின் 'சரி' என்ற சொல்லுக்கு வலு எங்கிருந்து வருகிறது? 'முடியாது' என்று சொல்லியிருக்கலாம் என்பதிலிருந்து. வீட்டின் எதிர்ப்பையும் அடியையும் மீறி ஒரு பெண் சொல்லும் 'சரி'யில், 'முடியாது' என்று சொன்னால் எளிதாகப் போயிருக்கும். அவள் வலிய கதவைத் தள்ளித் திறக்கிறாள். குழியில் இறங்கியவருக்கு, 'முடியாது' என்றால் நாளை முதல் அந்த மேஸ்திரியிடம் எந்த வேலையும் இல்லை; வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்; வேறு வேலை கேட்டுப் போனால் 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்வி முன்னால் நிற்கும். மற்றக் கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுத் திறந்திருக்கும் ஒன்றில் நுழைந்தவரைப் பார்த்து, 'அவர் தேர்ந்தெடுத்த கதவு' என்கிறார்கள். அந்த வாயுவைப் பற்றி அவரிடம் யாராவது சொன்னார்களா என்பது இன்னொரு கேள்வி. தெரியாத ஆபத்துக்குச் சம்மதிக்க முடியாது.

இவற்றைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று: வேறு யாரிடமெல்லாம் கேட்டீர்கள்? இந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஊர்த்தெருவில் யார் கதவையாவது தட்டினீர்களா? கூலி நல்ல கூலி என்றால், உங்கள் அக்காள் மகனுக்கும் வேலையில்லையே, அவரைக் கேட்டீர்களா? இதற்குக் கான்ட்ராக்டர் பெரும்பாலும் சிரிப்பார், அல்லது அடிக்க வருவார். இரண்டுமே பதில்தான். கூலி பேசுவதற்கு முன்பே ஆள் முடிவாகிவிட்டது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

நாம் இப்போது கேட்ட கேள்வியை ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1785இல் ஒரு முறையாகவே வகுத்தார். நீ பின்பற்றும் நெறியை எல்லோருக்கும் பொதுவாக்கச் சம்மதிப்பாயா? மனிதரை வெறும் கருவியாக நடத்துகிறாயா? விலை உள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புக்கு ஈடு கிடையாது என்றும் அவர் பிரித்தார். இவ்வளவு எழுதியவர்தான் மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை மேலே வைத்தும் எழுதினார். அரிஸ்டாட்டிலும் இயற்கையிலேயே அடிமைகள் உண்டு என்றவர். அதனால் இவர்களை எறிந்துவிட வேண்டுமா? எறிய வேண்டியதில்லை. காண்டின் அளவுகோலாலேயே காண்டை அளக்கலாம் என்பதுதான் கோட்பாட்டின் வசதி. மனுவை மனுவின் அளவுகோலால் அளந்தால் எந்தக் குற்றமும் கிடைக்காது.

இன்னொரு மரபு, செயலைவிடச் செய்பவரின் பண்பைப் பார்ப்பது. துணிவு, நேர்மை, ஈரம் உள்ளவராக வளர்வதே அறம் என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. நம் நாட்டில் மிக அதிகமாக ஏமாற்றிய மரபும் இதுதான் என்று நினைக்கிறோம். ஏனென்றால் இங்கே பண்பையும் பிறப்புக்கு ஏற்றபடி பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். பிறர் கடமையை நன்றாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்று கீதை சொல்வது அந்தப் பங்கீட்டுக்குப் போட்ட முத்திரை. 1936 நவம்பரில் காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் இலட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பங்கி என்பது வடநாட்டில் மலம் அள்ளும் சாதிக்கு வைக்கப்பட்ட பெயர். அந்த வேலையின் புனிதத்தையும், அதைச் செய்பவருக்கு இருக்க வேண்டிய அறிவையும் அக்கறையையும் அந்தக் கட்டுரை பேசியது. காந்தியின் உள்நோக்கத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. அவர் தம் கையாலும் கழிப்பறை கழுவியவர். ஆனால் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்தப் போக்கைக் கிழித்துப் போட்டார். வறுமையைத் தியாகம் என்று பாடுவதும், மலம் அள்ளுவதைச் சேவை என்று புகழ்வதும், அதில் மாட்டிக்கொண்டவரிடம் போய்ச் செய்யும்போது கொடுமையான கேலியாகிவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தப் புகழ்ச்சி நின்றுவிடவில்லை. 2019 கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுப் பணியாளர் ஐவரின் கால்களைக் கழுவினார். 2020இல் கொரோனா காலத்தில் நம் தெருக்களிலும் மாலை போட்டார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. மரியாதையான சொல்லை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கால் கழுவப்பட்டவர் மறுநாள் எந்த வேலைக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரின் பண்பைப் பாராட்டுவது அவர் நிலையை மாற்றுவதற்குப் பதிலாக வரும்போது, பாராட்டுகிறவருக்குத்தான் அதில் லாபம். இறந்தவர்களில் இரண்டாமவரை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பரைக் காப்பாற்றத் தயங்காமல் இறங்கியவர். வீரம் என்று எந்தத் தத்துவ நூலும் ஒப்புக்கொள்ளும். அவருக்கு அந்த வீரம் தேவைப்பட்டிருக்கவே கூடாது.

அம்பேத்கரின் கடைசிப் பெருநூலான 'புத்தரும் அவர் தம்மமும்', அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்தது. அதில் வரும் ஓர் எண்ணம் இங்கே உதவும். திருடர்களுக்குள்ளும் ஓர் ஒழுக்கம் உண்டு, வணிகர்களுக்குள்ளும் உண்டு, ஒரே சாதிக்காரர்களுக்குள்ளும் உண்டு. தமக்குள் நேர்மையாக, அன்பாக, விட்டுக்கொடுத்து இருப்பார்கள். குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு அது எட்டாது. எனவே ஒரு குழுவின் ஒழுக்கத்தைக் குழுவின் எல்லைக்கு வெளியே நின்று அளக்க வேண்டும். "எங்க ஆளுங்க ரொம்ப நல்லவங்க" என்று யாராவது சொன்னால் நாங்கள் மறுப்பதில்லை. யாரிடம் என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்பும். தமிழகத்தில் இந்த வேலை பெருமளவு அருந்ததியர்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. தலித் என்ற பொதுச்சொல் நமக்கு விலைமதிப்பற்றது. ஆனால் குழியில் இறங்கியவர் யார் என்ற விவரத்தை அதற்குள் போட்டு மூடினால் அதுவும் 'வாயு தாக்கி' மாதிரியான வாக்கியமாகிவிடும். அருந்ததியருக்கு 2009இல் தமிழக அரசு தந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு வந்தால் சிலர் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். ஒற்றுமை என்பது கோட்பாடா, குழு விதியா என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது; இதில் மாணவர்களே அதிகம் தடுமாறுகிறார்கள். கழிவுநீர்க் குழி மரணங்களுக்கு ரூ.10 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் தெருவில் நடப்பது வேறு. மூன்றாம் நாள் யாரோ ஒரு பெரிய மனிதர் ஒரு தொகையோடு வருவார். வழக்கு வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்பார். இறந்தவரின் மனைவி போடலாம் என்று நினைக்கிறார். நம் தோழர்கள், 'இது விலைபோவது, மாண்புக்கு விலை கிடையாது' என்று அவரிடம் வாதிடுகிறார்கள். காண்டைச் சரியாகப் படித்தவர்கள்தான்! ஆனால் அந்த அம்மாவைத் தங்கள் போராட்டத்தின் கருவியாக்கவும் அவர்கள் தயாராகிவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் அவருடைய கவலை. அதைச் சில்லறைக் கவலை என்று நினைக்கிற அறவியல் எங்களுக்கு வேண்டாம்.

அதற்காக, அவர் விருப்பம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கவும் முடியாது. கான்ட்ராக்டரிடம் சம்மதத்தைப் பற்றி நாம் கேட்ட அதே கேள்விகள் இங்கேயும் வரும். மறுக்கும் வழி அவருக்கு இருக்கிறதா? அவருக்குத் தெரிய வேண்டியதை யாராவது சொன்னார்களா? 30 லட்சம் நீதிமன்றம் விதித்தது. வழக்கை வாபஸ் வாங்கினால்தான் கிடைக்கும் என்பது பொய். பட்டியல் சாதியினரை இந்த வேலைக்கு அமர்த்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமையும்கூட. அந்த வழக்கை நடத்த வேண்டிய பொறுப்பு அரசுக்கு. வந்தவர் நீட்டும் தொகையோ பெரும்பாலும் 30 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. இதையெல்லாம் புரியும் தமிழில், அவசரமில்லாமல், முடிந்தால் அவர் நம்பும் ஓர் உறவினரை அருகில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வழக்கு நடந்தால் எத்தனை ஆண்டு இழுக்கலாம், யார் யார் மிரட்டக்கூடும், அப்போது நம்மில் யார் உடன் வருவோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு, அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டுவிட்டு நாம் எழுந்து தெருவில் போய் நிற்க வேண்டும்.